அவர்களுக்குப் பழக்கம்

ஆபிரிக்க நாடுகளில் தொழில் நிமித்தம் சில காலம் வாழ்ந்து திரும்பிய எம்மவர்களிடம் அந்த வாழ்க்கை எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். சிங்கம், யானை, காண்டாமிருகம் பற்றி அவர்கள் சொல்லக்கூடியது சொற்பமே. அவற்றைக் காண்பதற்கு விடுமுறை எடுத்து, கட்டணம் செலுத்தி, நெடுந்தூரம் பயணம் செய்யவேண்டும். வீட்டுக்குள் அழையாமல் வந்து கூடவே குடியிருந்த சிறு சீவன்களைப் பற்றித்தான் மணிக்கணக்கில் பேசுவார்கள். 1970களிலும் 80களிலும் நைஜீரியாவுக்கும் சாம்பியாவுக்கும் ஆசிரியர்களாகச் சென்ற இலங்கைத் தமிழர் பலர். அவர்களிற் சிலர் இன்று ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். தேநீர் வேளையில் பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால், விரல் நீளக் கரப்பானும் புத்தக அலுமாரியைத் தின்று தீர்த்த கறையானும் சட்டைக்குள் புகுந்த புழுவும் வரிசையாக வந்துவிடும். கேட்பவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். சொல்பவருக்கு அதில் ஒரு பெருமிதமும் உண்டு. போர்க்களத்துக்குப் போய் வந்தவர் தழும்பைக் காட்டுவது போன்ற பெருமிதம் அது.

ஊடகப் பயிற்சிப் பணியொன்றின் பொருட்டு 2011 முதல் 2014 வரை உகண்டாவின் தலைநகரான கம்பாலாவில் வாழ எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. ஆகவே இத்தகைய கதைகள் என்னிடமும் தாராளமாக உண்டு. அவற்றிற் சிலவற்றை இங்கே சொல்லத்தான் போகிறேன். ஆனால் வெளிநாட்டவராகிய நாம் சொல்லும் இந்தப் பூச்சிக் கதைகளில் வழக்கமாக விடுபட்டுப்போகும் ஒரு விடயத்தை எழுதுவதே இப்பத்தியின் நோக்கம்.

முதலில் கரப்பான். அங்கே கண்ட பெரிய செந்நிறக் கரப்பானை "ஆபிரிக்கக் கரப்பான்" என்றே எம்மவர்கள் குறிப்பிடுவார்கள். விஞ்ஞானிகள் அதற்கு இட்ட பெயர் அமெரிக்கக் கரப்பான். 1758இல் லின்னேயஸ் அப்படிப் பெயரிட்டுவிட்டார். உண்மையில் அதன் பூர்வீகம் ஆபிரிக்காதான். அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பல்களில் அதுவும் அமெரிக்காவுக்குச் சென்று சேர்ந்தது என்பது பொதுவான கருத்து. சமையலறை இடுக்குகளில் வாழும் சிறிய பழுப்புக் கரப்பானுக்கு ஜேர்மன் கரப்பான் என்று பெயர். 2024இல் வெளியான மரபணு ஆய்வொன்று, அதன் மூதாதையர் சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன்னர் இந்தியா, மியன்மார்ப் பக்கத்தில் வாழ்ந்த ஆசியக் கரப்பான் என்று நிறுவியிருக்கிறது. கம்பாலாச் சமையலறையில் நாம் செருப்பால் அடித்துக்கொண்டிருந்த அந்தச் சின்னக் கரப்பான், ஒரு வகையில் எமது ஊர்க்காரர்.

அடுத்தது எறும்பு. கிழக்காபிரிக்காவில் 'சியாஃபு' என்று அழைக்கப்படும் படையெறும்புகள் நிரந்தரமான புற்றில் இருப்பதில்லை. இலட்சக்கணக்கில், சில வேளைகளில் ஒரு கோடிக்கும் மேலாக, அணிவகுத்து இடம்பெயரும். அவற்றின் பாதையில் வீடு குறுக்கிட்டால் வீட்டுக்குள்ளால் போகும். ஊரவர்கள் கலவரப்படுவதில்லை. தொட்டிற் குழந்தையையும் கட்டி வைத்த கோழியையும் முதலில் அப்புறப்படுத்துவார்கள். வாசலில் சாம்பலைத் தூவுவார்கள். முடியாவிட்டால் வீட்டை விட்டுச் சில மணி நேரம் விலகி நிற்பார்கள். படை கடந்த பின்னர் உள்ளே போனால் கரப்பான், பல்லி, எலிக்குஞ்சு எதுவும் மிஞ்சியிராது. எந்தக் கம்பனிக்காரர் மருந்தடித்தாலும் கிடைக்காத சுத்தம்!

மாங்காய் ஈ என்று ஒன்று உண்டு. கொடியில் காயும் ஈரத் துணியில் முட்டையிடும். பொரித்த புழு, அத்துணியை உடுத்தவரின் தோலைத் துளைத்து உள்ளே புகுந்து கொப்புளமாக வளரும். கொப்புளத்தின் மேல் வாசலின் பூசிக் காற்றை அடைத்தால் புழு மூச்சுவிடத் தலையை நீட்டும். அப்போது பிதுக்கி எடுத்துவிடலாம். வராமல் தடுப்பதற்கு ஒரே வழி, உள்ளாடை, துவாய், படுக்கை விரிப்பு உட்பட எல்லாவற்றையும் சூடாக இஸ்திரி போடுவது. கம்பாலாவில் சாரத்துக்குக்கூட இஸ்திரி போட்டு உடுத்திய ஒரே தமிழன் நானாக இருக்கக்கூடும்.

மழைக்காலத்து இரவுகளில் விளக்கைத் தேடி வரும் 'நைரோபி ஈ' உண்மையில் ஈ அன்று. கறுப்பும் செம்மஞ்சளும் கலந்த, ஒரு சென்றிமீற்றருக்கும் குறைவான வண்டு. அது கடிக்காது, கொட்டாது. கழுத்தில் ஊர்கிறதே என்று அடித்து நசுக்கினால்தான் ஆபத்து. அதன் உடலிலுள்ள நச்சுத் திரவம் பட்ட இடம் தீயால் சுட்டது போலக் கொப்பளிக்கும். ஊதித் தள்ளிவிட்டு விளக்கை அணைத்தால் போதும். இதே குடும்பத்து வண்டு எமது நெல்வயல்களிலும் இருக்கிறது. பயிரைத் தின்னும் பூச்சிகளை உண்டு கமக்காரருக்கு உதவுகிறது.

கறையானைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். முதல் மழை விழுந்ததும் புற்றுகளிலிருந்து ஈசல் புறப்படும். வெளிநாட்டவர் வீடுகளில் யன்னல்களை அடித்துச் சாத்துவார்கள். உகண்டாவினரோ சட்டியும் பாயும் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். வறுத்த ஈசல் அவர்களுக்கு அருமையான உணவு. நவம்பரில் பச்சை வெட்டுக்கிளி கூட்டமாக வரும். லுகண்டா மொழியில் அதன் பெயர் 'என்செனேனே'. நவம்பர் மாதத்தின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். உயரமான கம்பங்களில் பளிச்சென்ற விளக்குகளைக் கட்டி, தகரங்களைச் சாய்த்து நிறுத்தி, கீழே பீப்பாய்களை வைத்து அவற்றைப் பிடிப்பார்கள். வெங்காயத்தோடு பொரித்தது தெருவெங்கும் விற்பனைக்கு வரும். எம்மவர்கள் சிலர் இதைக் கண்டு மூக்கைப் பொத்துவார்கள். அவர்களுக்கு நான் நினைவூட்டுவது ஒன்றுண்டு. புறநானூற்றில் பாரியின் பறம்பு நாட்டைப் பாடும் கபிலர், புற்றீசலை மோரில் புளிக்கவிட்டுச் சமைத்த உணவைப் பற்றிச் சொல்கிறார். தமிழகத்துக் கிராமங்களில் ஈசலை வறுத்துப் பொரியரிசியோடு தின்னும் வழக்கம் இன்னும் முற்றாக அற்றுப்போகவில்லை. ஆக, அருவருப்பு என்பது பூச்சியில் இல்லை. அதை மறந்துபோன எமது நாக்கில்தான் இருக்கிறது.

இதுவரை சொன்னவை யாவும் விருந்தினருக்குச் சொல்லத்தக்க கதைகள். இவற்றிற்கு ஒரு பொதுவான தன்மை இருப்பதை வாசகர்கள் கவனித்திருப்பீர்கள். இவற்றில் எதுவும், சாதாரண கவனத்தோடு இருக்கும் வளர்ந்த மனிதர் ஒருவரைக் கொல்வதில்லை. அருவருப்பூட்டும், அரிக்கும், கொப்பளிக்கும், பொருளை அழிக்கும், அவ்வளவுதான். கண்ணுக்குப் பெரிதாகவும் கதைக்குச் சுவையாகவும் இருப்பவை இவை. கொல்லும் பூச்சியைப் பற்றிச் சொல்வதற்குச் சுவாரசியமான கதையே இல்லை. அது சிறியது. நடுச்சாமத்தில், எல்லோரும் உறங்கிய பின்னர் வரும். மறுநாள் அதன் தடயம்கூடத் தெரியாது. நான் குறிப்பிடுவது அனோபிலிஸ் நுளம்பை.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2023இல் மட்டும் உலகில் சுமார் 26 கோடி 30 இலட்சம் மலேரியா நோயாளர்கள் இருந்தனர். 597,000 பேர் இறந்தனர். இறந்தவர்களில் 100க்கு 95 பேர் ஆபிரிக்கப் பிராந்தியத்தைச் சேர்ந்தவர்கள். அப்பிராந்தியத்தில் இறந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள். நோயாளர் தொகையில் நைஜீரியாவுக்கும் கொங்கோ ஜனநாயகக் குடியரசுக்கும் அடுத்த இடத்தில் உகண்டா இருந்தது. உகண்டாவில் ஒருவர் வேலைக்கு வராவிட்டால் காரணம் கேட்கத் தேவையில்லை. 'முசுஜ்ஜா' என்பார்கள். காய்ச்சல் என்று பொருள். மலேரியாதான் என்று கேட்பவர் விளங்கிக்கொள்வார்.

இந்த 597,000 பேருக்குள் கம்பனி முகாமையாளர்களும் தூதரக அதிகாரிகளும் பயிற்சி கொடுக்கப் போன பத்திரிகையாளர்களும் மிகமிக அரிது. எமக்கு நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாதபோதிலும், அல்லது இல்லாத காரணத்தினாலேயே, எம்மைச் சுற்றி ஓர் ஏற்பாடு இருக்கிறது. யன்னலுக்கும் அதன் மேலுள்ள காற்றுத் துவாரத்துக்கும் கம்பிவலை. கட்டிலுக்கு மருந்தூட்டிய நுளம்பு வலை. தடுப்பு மாத்திரை. காய்ச்சல் கண்டால் அரை மணி நேரத்தில் இரத்தப் பரிசோதனை. பணம் கொடுக்கக் காப்புறுதி. இவை அத்தனையும் அவசியமானவை. எவரும் இவற்றைக் கைவிடவேண்டும் என்று நான் கூறமாட்டேன். ஆனால் இந்த ஏற்பாடு எந்த இடத்தில் முடிவடைகிறது என்று பாருங்கள். எமது பின்வாசற் கதவோடு அது முடிவடைகிறது.

கம்பாலாவில் வசதியான வீடுகளின் பின்புறத்தில், மதிலோரமாக, ஓரிரு அறைகள் கட்டப்பட்டிருக்கும். வீட்டு வேலை செய்பவர்கள் தங்குவதற்கு. அவற்றுக்கு இன்றும் 'போய்ஸ் குவார்ட்டர்ஸ்' என்றுதான் பெயர். அங்கே படுப்பவர் ஐம்பது வயதுப் பெண்ணாக இருந்தாலும் அது பையன்களின் குடியிருப்புத்தான். காலனித்துவம் போனாலும் அதன் கட்டட வரைபடம் போகவில்லை. முன்வீட்டின் யன்னல்கள் அனைத்துக்கும் வலை அடித்திருக்கும். பின்னறைக்கு அது கிடையாது. வாசலில் இரவு முழுவதும் விழித்திருக்கும் காவலாளிக்கு அறையும் கிடையாது. அனோபிலிஸ் உலவும் நேரம் அவருடைய வேலை நேரம். எமது பொருட்களைத் திருடர்களிடமிருந்து காப்பதற்காக அவர் தமது இரத்தத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இந்த வேறுபாடு தற்செயலானது அன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1897இல் செக்கந்தராபாத்தில் றொனால்ட் றொஸ், நுளம்பின் உடலில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். 1900ஆம் ஆண்டுக் கோடையில் சம்போன், லோ என்னும் இரு மருத்துவர்கள், மலேரியாவுக்குப் பேர்போன உரோமாபுரிச் சமவெளியில், கம்பிவலை அடித்த குடிசையொன்றில் மாதக்கணக்கில் தங்கினார்கள். இருள் கவியுமுன் உள்ளே போவதும் விடிந்த பின்னர் வெளியே வருவதும் மட்டுமே அவர்கள் செய்த காரியம். அவர்களை நோய் தீண்டவில்லை. வலை மனிதனைக் காக்கும் என்பது அன்றே நிரூபணமாகிவிட்டது.

அந்த அறிவை ஆட்சியாளர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள்? சியராலியோனின் தலைநகரான பிறீ டவுணில் 1904இல் 'ஹில் ஸ்ரேசன்' என்ற பெயரில் மலைமேல் ஒரு குடியிருப்பு அமைக்கப்பட்டது. ஐரோப்பியருக்கு மட்டும். நுளம்புக்குக் கிருமியைக் கொடுப்பது ஆபிரிக்கக் குழந்தைகளின் இரத்தம். ஆகவே அக்குழந்தைகளிடமிருந்து விலகி வாழவேண்டும் என்பதே அதன் தத்துவம். கிழக்காபிரிக்காவின் சுகாதார நிலையை ஆராய அனுப்பப்பட்ட பேராசிரியர் வில்லியம் சிம்சன், 1914இல் அளித்த அறிக்கையில் இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரிக்கும்படி பரிந்துரைத்தார். கம்பாலாவும் பெரும்பாலும் அவ்வாறே வளர்ந்தது. மேட்டில் ஐரோப்பியர், கீழே கடைத்தெருவில் இந்தியர், அதற்கப்பால் ஆபிரிக்கர். குழந்தையிடமுள்ள நோயைத் தீர்ப்பதற்குப் பதிலாகக் குழந்தையைத் தூர வைத்தார்கள். இன்றைய பின்னறை அந்தச் சிந்தனையின் எச்சம்.

நாங்கள் குடியேறிய வீட்டிலும் முன்புறத்துக்கு மட்டுமே வலை இருந்தது. பின்னறைக்கு ஏன் இல்லை என்று வீட்டுச் சொந்தக்காரரிடம் கேட்டேன். அவர் உகண்டாவைச் சேர்ந்தவர்; படித்தவர்; மரியாதையாகப் பழகுபவர். "அவர்களுக்கு இது பழக்கம்" என்றார். ஒரு தச்சரை அழைத்து, பின்னறையின் இரண்டு யன்னல்களுக்கும் காற்றுத் துவாரங்களுக்கும் கம்பிவலை அடிப்பித்தோம். அரை நாள் வேலை. செலவு, எமது ஒரு வாரச் சந்தைச் செலவைவிடக் குறைவு.

பக்கத்து வளவில் குடியிருந்தவரும் எம்மைப் போல வெளிநாட்டவரே. 2013 நவம்பரில் அவருடைய காவலாளியின் நான்கு வயது மகனுக்குக் காய்ச்சல் கண்டது. முதல் நாள் கடையில் வாங்கிய காய்ச்சல் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டாம் நாள் இரவு வலிப்பு வந்தது. வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது இரத்தம் ஏற்றவேண்டும் என்றார்கள். விடிவதற்குள் பிள்ளை இறந்துவிட்டது. அதே வாரம்தான் அந்த வீட்டில் கரப்பானுக்கு மருந்தடிக்க ஆட்கள் வந்து போயிருந்தார்கள். பின்னறை அந்த ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டிருக்கவில்லை. வீட்டுக்காரர் கொடியவர் அல்லர். பெட்டிக்கும், ஊருக்கு உடலைக் கொண்டுபோன வாகனத்துக்கும் அவரே பணம் கொடுத்தார். மதிலருகில் நின்று என்னோடு பேசுகையில் கண் கலங்கினார். பின்னர் சொன்னார்: "என்ன செய்வது, இங்கே இது சாதாரணம். அவர்களுக்குப் பழக்கம்."

இந்த வாக்கியத்தைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. இதில் கால்வாசி உண்மை இருக்கிறது. மலேரியா மிகுந்த பிரதேசத்தில் பிறந்து, பலமுறை நோய்வாய்ப்பட்டு, உயிர் பிழைத்து வளர்ந்தவர்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி உண்டாகிறது என்பது மருத்துவ உண்மை. நோய் வந்தாலும் பெரும்பாலும் அவர்கள் இறப்பதில்லை. ஆனால் அந்தச் சக்தி ஐந்து வயதுவரை பிள்ளையிடம் முழுமையாக உருவாவதில்லை. கர்ப்பிணிகளிடம் அது தளர்ந்துவிடுகிறது. சில ஆண்டுகள் வெளிநாட்டில் வாழ்ந்து திரும்பும் உகண்டாவினரிடமும் அது மங்கிவிடுகிறது. பழகிக்கொண்டவர்கள் என்று நாம் காண்பது உயிர் தப்பியவர்களை. தப்பாதவர்கள் பழக்கத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல வரமாட்டார்கள்.

இலங்கைத் தமிழருக்கு இந்த வாக்கியம் புதியதும் அன்று. மலையகத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களின் கால்களில் அட்டை கடித்து இரத்தம் ஒழுகும்போது, சுற்றுலாப் போன எம்மவர்கள் இதையேதான் சொன்னார்கள். ஒழுகும் லயன் அறைகளைப் பற்றியும் இதையே சொன்னார்கள். இடம்பெயர்ந்தோர் முகாம்களின் தறப்பாள் கூடாரங்களைப் பற்றியும் சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்கெல்லாம் ஒரு சாராரின் துன்பத்தை நீக்கச் சிறிது செலவிடவேண்டியிருக்கிறதோ, அங்கெல்லாம் மறு சாராரின் வாயில் இந்த வாக்கியம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஆபிரிக்காவின் இயற்கையே அப்படி, அங்கே நுளம்பை ஒழிக்க முடியாது என்பார் உண்டு. அவர்கள் எமது நாட்டின் வரலாற்றையே ஒருமுறை திருப்பிப் பார்க்கலாம். 1934-35இல் இலங்கையில் பரவிய மலேரியாவினால் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். இரண்டாம் உலகப் போரின் பின்னர் டி.டி.ரி. மருந்தடிப்பு மேற்கொள்ளப்பட்டது. 1963இல் நாடு முழுவதிலும் பதிவான நோயாளர் 17 பேர் மட்டுமே. வென்றுவிட்டோம் என்று கண்காணிப்பைத் தளர்த்தியதும், 1960களின் பிற்பகுதியில் நோய் இலட்சக்கணக்கானோரைத் தாக்கித் திரும்பி வந்தது. மீண்டும் தொடக்கத்திலிருந்து பாடுபட்டார்கள். போர் நடந்த ஆண்டுகளிலேயே, வடக்குக் கிழக்கிலும் சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று மருந்தடித்து, இரத்தம் சோதித்து, வலை கொடுத்தார்கள். உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 அக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. நுளம்பு எமது நாட்டை விட்டுப் போய்விடவில்லை. நோய்தான் போனது.

1955இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா ஒழிப்புத் திட்டத்தை ஆரம்பித்தபோது, சகாராவுக்குத் தெற்கிலுள்ள ஆபிரிக்காவின் பெரும்பகுதி அதில் சேர்க்கப்படவேயில்லை என்பதையும் இங்கு குறிப்பிடவேண்டும். அங்கே நோய் மிகக் கடுமையாக இருந்ததும் அதற்குக் கூறப்பட்ட காரணங்களில் ஒன்று! கடுமையான நோய்க்கு மருந்தில்லை என்று கதவைச் சாத்திவிட்டு, பின்னர் அது அந்த மண்ணின் இயல்பு என்று சொல்வது என்ன நியாயம்?

மேலும், எவரிடமிருந்து எவருக்குப் பூச்சி போகிறது என்ற கணக்கும் நாம் நினைப்பது போன்றதன்று. பாதத்தில் புகுந்து முட்டை நிரப்பும் மணல் தெள்ளு ஆபிரிக்காவில் பிறந்ததன்று. 1872இல் பிறேசிலிலிருந்து அங்கோலாவுக்கு வந்த கப்பலொன்றின் மணலோடு இறங்கியது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கண்டத்தைக் குறுக்கே கடந்துவிட்டது. இன்று அதனால் அவதிப்படுவோர் மண்தரை வீட்டில் செருப்பின்றி வாழும் ஏழைகள். தெற்காசிய நகரங்களின் தண்ணீர்த் தாங்கிகளில் பெருகும் 'அனோபிலிஸ் ஸ்ரெபன்சி' என்ற நுளம்பு 2012இல் ஜிபூற்றியில் கண்டறியப்பட்டது. அந்த ஆண்டு அங்கே பதிவான மலேரியா நோயாளர் 27 பேர். 2020இல் 73,000க்கு மேல். பின்னர் எத்தியோப்பியா, சூடான், நைஜீரியா, கென்யா என அது பரவியிருக்கிறது. இலங்கையில் மன்னாரிலும் அது காணப்பட்டதாக 2017இல் அறிவிக்கப்பட்டது. காட்டிலும் சதுப்பிலும் இருந்த மலேரியாவை இது மாடிவீட்டுத் தண்ணீர்த் தாங்கிக்குக் கொண்டுவருகிறது. ஆபிரிக்கப் பூச்சிகளைப் பற்றிக் குறைசொல்லும் ஆசியராகிய நாம், ஆசியாவிலிருந்து அங்கே போனது என்ன என்பதையும் கேட்டு வைப்பது நல்லது.

"நாங்கள் விருந்தாளிகள், சம்பளம் கொடுக்கிறோம், மற்றதை அந்நாட்டு அரசாங்கம் பார்க்கட்டும்" என்று ஒரு நண்பர் என்னோடு வாதிட்டார். அரசாங்கத்துக்குப் பொறுப்பு உண்டு என்பதில் சந்தேகமில்லை. உகண்டா அரசு 2013-14இல் நன்கொடையாளர்களின் உதவியோடு நாடு முழுவதும் 2 கோடிக்கு மேற்பட்ட வலைகளை இலவசமாக விநியோகித்தது. 2025 ஏப்ரலில் குழந்தைகளுக்கு மலேரியாத் தடுப்பூசி ஏற்றவும் ஆரம்பித்தது. 2000 முதல் 2015 வரை ஆபிரிக்காவில் தடுக்கப்பட்ட 66 கோடிக்கு மேற்பட்ட நோய்த் தொற்றுகளில், மூன்றில் இரண்டு பங்கைத் தடுத்தது நுளம்பு வலை என்று 2015இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. வலையிலுள்ள மருந்துக்கு நுளம்புகள் இப்போது எதிர்ப்புக் காட்டத் தொடங்கியிருப்பதால், இரண்டு மருந்துகள் சேர்ந்த புதிய வலைகளை உலக சுகாதார நிறுவனம் 2023இல் பரிந்துரைத்தது. அரசாங்கங்கள் செய்யவேண்டியவை இப்படி நிறைய இருக்கின்றன. ஆனால் எனது வளவின் பின்மதிலோரம் உள்ள அறைக்கு வலை அடிப்பது எந்த அரசாங்கத்தின் வேலை? அந்த யன்னலின் திறப்பு வீட்டுச் சொந்தக்காரரிடமும் வாடகைக்காரராகிய என்னிடமும் இருக்கிறது. சுகாதார அமைச்சரிடம் இல்லை.

நண்பரின் வாதத்தில் சுயநல நோக்கிலும் ஓட்டை உண்டு. நுளம்பு தானாக நோயை உற்பத்தி செய்வதில்லை. நோயுள்ள ஒருவரிடமிருந்து எடுத்து மற்றவருக்குக் கொடுக்கிறது. பின்னறையில் நோயுற்ற பிள்ளை இருக்குமானால், இருபது அடி தூரத்திலுள்ள முன்னறையில் நாம் எந்தப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறோம்? ஒரு வளவுக்குள் இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் பாதுகாப்பாக இருக்க முடியும். ஹில் ஸ்ரேசனைக் கட்டியவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. ஆனால் சமையலுக்கும் துணி துவைக்கவும் அந்த மக்களின் கைகள் அவர்களுக்கு வேண்டியிருந்தன. பகலில் மலையேறி வரலாம், இரவில் இறங்கிவிடவேண்டும் என்று விதித்தார்கள். நாம் மலையில் இருந்து இறக்கவில்லை; வலைக்கு வெளியே நிறுத்துகிறோம்.

இன்று எமது இளைஞர்கள் பலர் கணக்காளராகவும், ஆடைத் தொழிற்சாலை அதிகாரியாகவும், தகவல் தொழில்நுட்பப் பணியாளராகவும் கம்பாலா, நைரோபி, தார் எஸ் சலாம், அக்ரா என்று போகிறார்கள். புறப்படுமுன் பூச்சிகளைப் பற்றி என்னிடம் கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கரப்பானுக்குப் பயப்படாதீர்கள், சாப்பாட்டை மூடி வையுங்கள். பல்லியை விரட்டாதீர்கள், அது உங்கள் பக்கத்து ஆள். துணிக்கு இஸ்திரி போடுங்கள். சியாஃபு வந்தால் வழிவிடுங்கள். ஈசலைத் தந்தால் ஒரு கை வாங்கிச் சுவைத்துப் பாருங்கள், தந்தவர் மகிழ்வார்.

வீடு பார்க்கப் போகும்போது முன்மண்டபத்தைப் பார்க்குமுன் பின்னறையைப் போய்ப் பாருங்கள். யன்னலுக்கு வலை இல்லாவிட்டால் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் அதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சொந்தக்காரர் மறுத்தால் நீங்களே அடிப்பியுங்கள். அங்கே படுப்பவர்கள் எத்தனை பேரோ அத்தனை மருந்தூட்டிய வலை வாங்கிக் கொடுங்கள். கட்டுவதற்கு ஆணியும் கயிறும் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரவுக் காவலாளிக்கு முழுக்கைச் சட்டையும், பூசும் மருந்தும், வலை அடித்த சிறு கொட்டிலும் கொடுங்கள். தண்ணீர்த் தாங்கிக்கு மூடி போடுங்கள். வேலையாட்களின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று காதில் விழுந்தால், அன்றைக்கே பரிசோதனைக்கு அனுப்புங்கள். நள்ளிரவானாலும் வாகனத்தை எடுங்கள். மலேரியாவில் குழந்தைக்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். கரப்பானுக்கு மருந்தடிக்க நீங்கள் ஓர் ஆண்டில் செலவிடும் பணத்தில் இவற்றிற் பெரும்பாலானவற்றைச் செய்துவிடலாம்.

எவராவது உங்களிடம் "அவர்களுக்குப் பழக்கம்" என்று சொன்னால், அந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் பிறந்தார்கள், இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அந்தத் தாயிடம் மரியாதையோடு கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.